இரண்டு பாலங்களுக்கு நடுவில் உள்ள கரை

எனக்கு விதிகள் மூன்றே மூன்று. பாசஞ்சர் ரயிலில் போய் ஒரு ஸ்டேஷனில் இறங்க வேண்டும். அங்கிருந்து அடுத்த ஸ்டேஷன் வரை நடக்க வேண்டும்; தார் ரோட்டில் அல்ல, வாய்க்கால் கரையில். நடந்து சேர்ந்த ஸ்டேஷனில் மறுபடி ரயிலேறி வீட்டுக்கு வர வேண்டும்.

"ரயில் போற ஊருக்கு ரயில்ல போயி, பாதியில எறங்கி நடக்குறவ உலகத்துலயே நீ ஒருத்திதாண்டி" என்பாள் அம்மா. சொல்லிக்கொண்டே எலுமிச்சம்பழச் சாதத்தை டப்பாவில் அடைத்துக் கொடுப்பாள். அம்மாவின் எதிர்ப்பு எப்போதும் அந்த அளவுக்குத்தான் போகும்.

நான் தஞ்சாவூரில் எம்.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு, கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். வாரத்தில் ஆறு நாள் மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் உட்கார்ந்து, மணியடித்தால் சாப்பிடுகிறவள். ஞாயிற்றுக்கிழமையை யாருக்கும் தருவதில்லை. ஒருநாள் திட்டை ஸ்டேஷனில் எதிர் ரயிலுக்காக எங்கள் வண்டி நின்றது. ஜன்னலுக்கு வெளியே ஒரு வாய்க்கால். நுரையும் வைக்கோலும் ஒரு ஒற்றைச் செருப்பும் மிதந்து கிழக்கே போய்க்கொண்டிருந்தன. நாங்கள் நின்றோம், செருப்பு நிற்கவில்லை. எனக்கு முன்னால் அது போய்ச் சேர்ந்துவிடும் போலிருந்தது. அடுத்த ஞாயிறே ஆரம்பித்துவிட்டேன்.

தஞ்சாவூரிலிருந்து மயிலாடுதுறை வரை, எல்லா ஸ்டேஷன் இடைவெளிகளையும் இப்படி நடந்து முடித்துவிடுவது என்பது திட்டம். இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்காதவர்கள் குறைவு. கரையில் என்னைப் பார்க்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு சந்தேகம் வரும். கையில் போன், காலில் ஷூ, தோளில் பை. "சர்வேயாம்மா?" என்பார்கள் சிலர். குடை பிடித்த ஒரு பெரியவர் நேரடியாகவே கேட்டார்: "மீத்தேன் எடுக்க ஆழம் பாக்க வந்திருக்கியா? உண்மையச் சொல்லு." இல்லைங்க, சும்மா நடக்கிறேன் என்றேன். அவருக்கு அது மீத்தேனைவிட ஆபத்தாகப் பட்டது. நான் வளைவில் மறையும் வரை குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதல் மாதமே ஒரு பெரிய முட்டாள்தனம் செய்தேன். பண்டாரவாடைக்கும் பாபநாசத்துக்கும் நடுவில் மூன்று மணி நேரம் நடந்தும் ஸ்டேஷன் வரவில்லை. நெய்வேலிக் காட்டாமணக்குப் புதருக்குள் மாட்டிக்கொண்டேன். வாத்துக் கூட்டம் ஓட்டிவந்த ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இது வடிகாலும்மா. வயல்ல மிஞ்சுன தண்ணி போற எடத்துக்குத்தான் நீயும் போவ." வீட்டில் சொன்னபோது அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பாசனக் காலு மேட்டுல ஓடும், வடிகாலு பள்ளத்துல ஓடும். இது தெரியாம எம்.எஸ்சி.!"

அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் ரயில்வேயில் கீமேன். ஓய்வு பெற்றுவிட்டார். கீமேன் என்றால், தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்து வைத்திருக்கும் இரும்புச் சாவிகள் கழன்றிருக்கின்றனவா என்று தினமும் நடந்து பார்க்கிறவர். நீளக் கைப்பிடிச் சுத்தியலைத் தோளில் வைத்துக்கொண்டு, சந்தேகம் வரும் இடத்தில் ஒரு தட்டு. சத்தம் கேட்டே சொல்லிவிடுவார், இறுக்கமா, தளர்வா என்று. வெயிலிலும் மழையிலும் போய்விட்டுத் திரும்பி வரும் தூரத்தைக் கணக்குப் போட்டால், அவர் நடந்த நடைக்கு என் ஞாயிற்றுக்கிழமைகள் கால் தூசி. அதனால்தான் என் பொழுதுபோக்கு அவருக்குப் புரியவே இல்லை.

"நான் நடந்தது சம்பளத்துக்கு. நீ எதுக்கு நடக்குற?"

"சும்மாப்பா."

"சும்மா நடக்குறதுக்கா ஒன்னப் படிக்க வச்சேன்?"

"ஆமாம்ப்பா. சும்மா நடக்குறதுக்குத்தான் படிச்சேன்" என்றேன். நான் அப்படித்தான் பேசுவேன். அம்மா அடுப்படியிலிருந்து "வாயப் பாரு" என்றாள். அப்பா பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். சிரிக்கிறார் என்று பேப்பர் ஆடுவதில் தெரிந்தது.

ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே வந்தேன். அய்யம்பேட்டை, சுந்தரபெருமாள்கோவில், தாராசுரம், ஆடுதுறை, குத்தாலம். சுவரில் ஒட்டியிருந்த ரயில் தட வரைபடத்தில் முடிந்த துண்டுகளைப் பச்சை மையால் தடிமனாக்கிக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒரே ஒரு துண்டு பச்சையாகாமல் நின்றது. அந்த இரண்டு ஸ்டேஷன்களின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றுக்கு நடுவில் இருக்கும் ஊர், அப்பா பிறந்த ஊர். இருபது வயதில் ரயில்வேயில் கூலியாளாகச் சேர்ந்த அன்றைக்கு அங்கிருந்து புறப்பட்டவர்; பிறகு தாத்தாவையும் ஆத்தாவையும் கும்பகோணத்துக்குக் கூட்டி வந்தவர்; அந்த ஊருக்குள் திரும்பக் கால் வைக்காதவர். நான் அந்த ஊரைப் பார்த்ததே கிடையாது.

"அது ஒண்ணு மட்டும் வேண்டாம்" என்றார் அப்பா.

"ஏன்?"

"அங்க நமக்கு என்ன இருக்கு?"

"எனக்கு ஒரு இடைவெளி இருக்கு. அத நடக்கணும்."

"வேண்டாம்னா வேண்டாம்மா."

எப்போதும் நடுவில் ஏதாவது சொல்லும் அம்மா இந்த முறை வரவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், இது வேறு மாதிரியான வேண்டாம் என்று. ஆனால் எனக்கு அப்போது ஒன்றுதான் தெரிந்தது. பயப்படுகிறார், பழைய ஊர், பழைய பண்ணை, பழைய சாதி. காலம் மாறிவிட்டது என்று அவருக்கு நிரூபித்துக் காட்ட வேண்டும். இயற்பியல் படித்தவளுக்கு நிரூபணம் என்றால் ஒரு பைத்தியம்.

"ஞாயித்துக்கிழம போறேன்" என்றேன், ஒளிக்காமல்.

ஞாயிறு காலை எழுந்தபோது என் ஷூவிலிருந்த சேற்றை யாரோ தட்டி வைத்திருந்தார்கள். அம்மா இல்லை, அம்மா அப்படியெல்லாம் செய்ய மாட்டாள்.

ஆனி மாதம். மேட்டூர்த் தண்ணீர் வந்து பத்துப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. வாய்க்கால் கரை தொட்டு ஓடியது. ஸ்டேஷன் குழாயில் மூன்று பெண்கள் குடிதண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் கீழத்தெருவிலிருந்து வருகிறவர்கள், ஊருக்கு அந்தப் பக்கம் உள்ள வயலுக்குக் களை பறிக்கப் போகிறார்கள். தலையில் துண்டு கட்டிய மூத்தவள் ஒருத்தி. ஓயாமல் பேசும் ஒருத்தி. என் வயசுக்காரி ஒருத்தி. கரையில்தான் அவர்களுக்கும் வழி. கூடவே நடந்தேன்.

"எங்கேர்ந்து பாப்பா?" என்றாள் வாயாடி அக்கா.

"கும்பகோணம்."

"யாரப் பாக்க?"

"யாரையும் இல்லக்கா. அடுத்த ஸ்டேஷனுக்கு நடக்குறேன்."

"ரயிலு ரிப்பேரா?"

என் வயசுக்காரி சிரித்துவிட்டாள். அப்பா பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் வேண்டாம் என்ற ஊரில் அவர் பேரை எடுத்து நடமாடுவது சரியில்லை என்று தோன்றியது.

காலை வெயில் முதுகில் ஏறுவதற்குள் ஊர் வந்தது. வாய்க்காலுக்கு வடகரையில்தான் நடந்துகொண்டிருந்தோம். கரையை ஒட்டி மேலத்தெருவின் கொல்லைப்புறம்: தென்னை, வைக்கோல்போர், துணி காயும் கயிறு, தண்ணீருக்குள் இறங்கும் ஒரு கல் படித்துறை. படித்துறைக்குக் கொஞ்சம் முன்னால் வாய்க்காலின் மேல் ஒரு சின்ன சிமெண்ட் பாலம். மூன்று பேரும் பேச்சை நிறுத்தாமலேயே அதில் ஏறித் தென்கரைக்குப் போனார்கள். நானும் போனேன். தென்கரை குறுகல், முள், காலுக்குக் கீழே நண்டு வளை. அவர்கள் புடவையைத் தூக்கிப் பிடிக்க, ஒருத்தர் பின் ஒருத்தராக நடந்தோம். கொஞ்ச தூரத்தில் இன்னொரு பாலம், அச்சில் வார்த்த மாதிரி அதே பாலம். அதில் ஏறி வடகரைக்குத் திரும்பினோம். வாயாடி அக்கா தன் நாத்தனாரைப் பற்றிச் சொன்ன கதை முதல் பாலத்தில் தொடங்கி இரண்டாவது பாலத்தில் முடிந்தது.

எனக்கு அந்த இரண்டு பாலங்களும் மிகவும் பிடித்துப்போயின. தண்ணீரில் நிழல் விழுந்து இரண்டும் முழு வட்டமாகத் தெரிந்தன. நின்று போட்டோ எடுத்தேன். அடுத்த ஸ்டேஷன் போய்ச் சேர்ந்து, ரயிலேறி, வீட்டுக்கு வந்து, கடைசித் துண்டைப் பச்சையாக்கினேன். மையைக் கொஞ்சம் அதிகமாகவே அழுத்தினேன், அப்பா பார்க்கட்டும் என்று.

"முடிச்சிட்டேன். யாரும் ஒண்ணும் சொல்லல. அழகான ஊருப்பா. வீணா பயந்தீங்க." போனை நீட்டினேன்.

அப்பா போட்டோவை வாங்கிப் பார்த்தார். இரண்டு விரலால் பெரிதாக்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"பாலத்துல ஏறுனியா?"

"ஆமா."

"ஏன் ஏறுன?"

கேள்வியே புரியவில்லை. "எல்லாரும் ஏறுனாங்க. வழி அப்படித்தானே போகுது?"

"வழி அப்படிப் போகல." போனை என் பக்கம் திருப்பி, வடகரையில் படித்துறைக்கு மேலே விரல் வைத்தார். "இங்க கர இல்லையா? ஒடஞ்சிருக்கா? பள்ளமா? நேரா நடந்தா என்ன?"

பார்த்தேன். கரை இருந்தது. அகலமாக, மேடாக, ஒரு டிராக்டரே நிற்கும்படி. ஒரு டிராக்டர் நிற்கவும் செய்தது. ஆனால் அங்கே புல் மூடிக் கிடந்தது. ஒற்றையடித் தடம் நேரே போகவில்லை. பாலத்துக்குத் திரும்பி, தென்கரையில் சுற்றி, அடுத்த பாலம் வழியாக வந்து மறுபடி சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு வேளையும் வயலுக்குப் போகிற கால்கள் போட்ட தடம்.

அப்பா சொன்னார். நிறைய சொல்லவில்லை. அந்தப் படித்துறையில் மேலத்தெரு குளிக்கும், குடிக்கத் தண்ணீர் எடுக்கும். கீழத்தெரு ஆள் அந்த இடத்தைக் கடந்து நடந்தால் தீட்டு. அதற்காக வாய்க்காலின் குறுக்கே இங்கே ஒரு பனைமரம், அங்கே ஒரு பனைமரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். தலையில் நெல் மூட்டை இருந்தாலும், வயிற்றில் பிள்ளை இருந்தாலும், பிணத்தைத் தூக்கிப்போனாலும் அதில் ஏறி, சுற்றி, இறங்கித்தான் போக வேண்டும். தாத்தா ஒருமுறை மூட்டையோடு வழுக்கி விழுந்திருக்கிறார். நெல் நனைந்ததற்குத்தான் திட்டு விழுந்தது.

"ரயில்வேல சேந்து மொத நா அந்தப் பக்கம் லைன்ல நடந்தப்ப, மேலேர்ந்து பாத்தேன். ரெண்டு பனமரமும் தெரிஞ்சிச்சு. ரெண்டுக்கும் நடுவுல இத்தினிக்கோண்டு தூரம். இதுக்காடா இவ்வளவுன்னு இருந்திச்சு." சுத்தியல் பிடித்துக் காய்த்த கையை மடித்து மடித்து நீட்டினார். "லைன்ல நடக்குறவன எவனும் எறங்கிப் போடான்னு சொல்ல முடியாது. ரயிலு ஒண்ணுதான் சொல்லும். அது எல்லாருக்கும் சொல்லும்."

அப்புறம் அதைச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார்.

"நாப்பது வருசமா நான் அந்தப் பாலத்துல கால வைக்கல. அதுக்காகத்தான் அந்த ஊருக்கே போகல. நீ ஒரே காலையில ரெண்டுலயும் ஏறி எறங்கி, போட்டோவும் புடிச்சிட்டு வந்திருக்க."

அன்றிரவு எனக்கு வந்தது வருத்தம் இல்லை. எரிச்சல். யார் மேல் என்றுகூடத் தெரியாத எரிச்சல். பனைமரம் இத்துப்போயிருக்கும், மனிதர்கள் இத்துப்போயிருப்பார்கள், யாரும் இப்போது போடா வாடா என்று சொல்வதில்லை. அதற்குப் பதில் இரண்டு பனைமரத்தின் இடத்திலும் பொதுப்பணத்தில் சிமெண்ட் பாலம் கட்டி, கல்வெட்டு வைத்து, கைப்பிடிச் சுவருக்கு மஞ்சள் பெயிண்டும் அடித்துவிட்டார்கள். வழக்கத்துக்கே காங்கிரீட் போட்டாயிற்று. என்னை மாதிரி ஒருத்தி வந்து அழகாக இருக்கிறது என்று படம் எடுத்துக்கொண்டு போகலாம். சுவரில் இருந்த வரைபடத்தில் அந்தப் பச்சைக் கோட்டின் மேல் வெள்ளை மை தடவினேன்.

அடுத்த ஞாயிறு அதே ரயில், அதே குழாய், அதே மூன்று பெண்கள்.

"என்ன பாப்பா, ரயிலு இன்னும் ரிப்பேர்தானா?"

இந்த முறை சொன்னேன், யார் மகள் என்று. மூத்தவள் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். "கீமேன் அண்ணன் பொண்ணா நீ! அதான் நடை. தபால்காரன் மாதிரி நடக்குறியேன்னு அன்னிக்கே பாத்தேன்."

முதல் பாலம் வந்தது. நான் நின்றேன். "நேரா போலாம்க்கா."

"நேரா போனா என்ன கெடைக்கும்? சுண்டலா?" என்றாள் வாயாடி அக்கா.

"முள்ளு இல்லாத வழி கெடைக்கும்."

என் வயசுக்காரி புல்லையும் பாலத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அந்தப் பக்கம் கர ஒடஞ்சிருக்குன்னுல நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். நிஜமாகவே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

மூத்தவளுக்குத் தெரியும். "பாப்பா, நாங்க களை பறிக்கப் போற வயலு அந்தா, அந்த வூட்டுக்காரங்களுது. நீ நேரா நடந்துட்டு பன்னெண்டு மணி ரயிலுல ஏறிருவ. நாங்க நாளைக்கும் வரணும்." சொல்லிவிட்டு, ஒரு நொடி நின்று, "நீ போ" என்றாள்.

என் துணிச்சல் அவர்களுடையதைவிட மலிவு என்பது உண்மை. ஆனால் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதைச் செலவு செய்யாமல் இருக்கவும் முடியவில்லை. அவர்கள் மூவரும் பாலத்தில் ஏறினார்கள். நான் புல்லில் கால் வைத்தேன்.

எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. புல் முழங்கால் வரை. வலப்பக்கம் கொல்லைகள், இடப்பக்கம் தண்ணீர், தண்ணீருக்கு அந்தப் பக்கம் அவர்கள் மூவரும் எனக்குச் சமமாக நடந்தார்கள்.

படித்துறையில் ஒரு அம்மாள் பால்குண்டான் துலக்கிக்கொண்டிருந்தார். அப்பாவைவிட மூத்தவராக இருக்கும். தலை நிமிர்ந்தார்.

"பாலம் அங்க இருக்கும்மா."

"தெரியுங்க. பாலம் எதுக்குங்க?"

"அந்தப் பக்கம் போறதுக்கு."

"எனக்கு இந்தப் பக்கந்தாங்க போகணும்."

அவர் கை நின்றது. சத்தம் கேட்டு டிராக்டருக்குப் பின்னாலிருந்து பனியன் போட்ட ஒருவர் வந்தார், வாயில் பிரஷ். எட்டித் துப்பிவிட்டு, தன்மையாகவே சொன்னார்: "கர வீக்கா இருக்கும்மா. இடிஞ்சிரும். அதான் எல்லாரும் அப்படிப் போறாங்க."

"உங்க டிராக்டரு நிக்குதுங்களே அண்ணே. அதுக்கு இடியாத கர எனக்கா இடியும்?"

அண்ணே என்று வேண்டுமென்றேதான் சொன்னேன். என் தாத்தா அந்த இடத்தில் வேறு வார்த்தை சொல்லியிருப்பார். ஷூ நாடா அவிழ்ந்திருந்தது. படித்துறைக்கு நேர் மேலே, அவர்கள் இரண்டு பேர் பார்க்க, குனிந்து உட்கார்ந்து நாடாவைக் கட்டினேன். ஒரு கால் போதும். இரண்டு காலையும் அவிழ்த்துக் கட்டினேன்.

"யார் வூட்டுப் பொண்ணு நீ?" என்றார் அந்த அம்மாள். கரையில் நடக்க ஆரம்பித்ததிலிருந்து நூறு பேர் கேட்டிருப்பார்கள். இதுதான் அந்தக் கேள்வி பிறந்த இடம் போலிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் தண்ணீருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

"நம்ம கீமேன் அண்ணன் பொண்ணு! கீழத்தெரு! எம்.எஸ்சி. படிச்சிருக்கு!" மூத்தவள்தான். நாளைக்கும் வர வேண்டியவள்தான். இடுப்பில் கை வைத்து முள்ளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

பனியன்காரர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிரஷை வாயில் வைத்துக்கொண்டார். அந்த அம்மாள் குனிந்து, துலக்கிய குண்டானையே மறுபடி துலக்க ஆரம்பித்தார். எனக்கு வழி விட்டார் என்று சொல்ல மாட்டேன். வழி அவரிடம் இல்லை. நான் எழுந்து நடந்தேன்.

அறுபத்திரண்டு அடி. இரண்டாவது பாலத்தில் அவர்கள் இறங்கி வரும் வரை காத்திருந்தேன். நான்தான் முதலில் வந்து சேர்ந்திருந்தேன்.

"எத்தன அடி?" என்றாள் என் வயசுக்காரி. நான் எண்ணியதை வாயசைவில் பார்த்திருக்கிறாள். சொன்னேன். "எங்களுக்கு நூத்திப் பத்து" என்றாள். அவளும் எண்ணியிருக்கிறாள்.

ஸ்டேஷனிலிருந்து அப்பாவுக்கு போன் செய்தேன். "ஏறல" என்றேன்.

"மொத பாலத்துலயா?"

"ரெண்டுலயும்."

"ம். ரயிலு வர சத்தம் கேக்குது. மஞ்சக் கோட்டுக்கு உள்ள நில்லு."

வரைபடம் முழுதும் பச்சையாகிவிட்டது. முடிந்ததென்று வேறு வழித்தடத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் போட்டோவில் அப்பா விரல் வைத்துக் காட்டிய அந்தப் புல் என்னை விடவில்லை. ஒரு நாள் நடந்தால் புல் சாயும். மறு வாரம் நிமிர்ந்துவிடும். தடம் என்பது ஒருத்தி ஒருமுறை காட்டும் வீரத்தில் விழுவதில்லை. அதனால் அடுத்த ஞாயிறும் போனேன். அதற்கு அடுத்ததும். ஆடியில் வாய்க்கால் கலங்கி ஓடியபோதும், ஆவணியில் குறுவை பழுத்துக் கிடந்தபோதும் போனேன். பள்ளியில் சிறப்பு வகுப்பு என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டார்கள்; முடியாது என்றேன். காரணம் கேட்டார்கள். புல் வெட்டப் போகிறேன் என்றேன். ஒருமுறை என் வயசுக்காரி பாலத்தருகில் நின்று, மற்ற இருவர் முதுகையும் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என் பின்னால் நேராக வந்தாள். ஒருமுறை டிராக்டர் கரையின் குறுக்கே மறித்து நின்றது. டயருக்கும் வேலிக்கும் நடுவில் உடம்பை ஒருக்களித்து நுழைந்து போனேன். சுடிதார் கிழிந்தது. அம்மா தைத்துக் கொடுத்தாள், அதே சுடிதாரையே அடுத்த வாரமும் போடச் சொல்லி.

புரட்டாசியில் மயிலாடுதுறையில் ஒரு கல்யாணம். அப்பா, அம்மா, நான் மூவரும் ரயிலில் போனோம். அந்த இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் வண்டி வேகம் குறைந்தது. அப்பா எழுந்து வாசல் பக்கம் போனார். பின்னால் நானும் போனேன். மேட்டில் போகும் ரயிலிலிருந்து எல்லாம் தெரிந்தது. அறுத்த வயல், வாய்க்கால், இரண்டு மஞ்சள் பாலங்கள். நடுவில் வடகரை. அங்கே புல்லைப் பிளந்துகொண்டு வெளிறிய மண்கோடு ஒன்று நேரே ஓடியது.

"தடம் விழுந்திருக்கு" என்றார்.

"நான்தாம்ப்பா" என்றேன். குரலில் பெருமை வழிந்திருக்கும்.

அவர் தலையை வெளியே நீட்டி, கோடு மறையும் வரை பார்த்தார். வாழ்நாள் முழுதும் தரையைப் பார்த்து நடந்த கண். "வாரத்துல ஒரு நா நடந்தா இந்த அகலம் விழாது. இது நாலஞ்சு பேரு, தெனம் நடக்குற தடம்."

மூத்தவள், வாயாடி அக்கா, என் வயசுக்காரி என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

கல்யாணம் முடிந்து திரும்பும்போது, நான் வழக்கமாக இறங்கும் அந்த ஸ்டேஷனில் வண்டி நின்றதும் அப்பா குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். "ஏங்க, முட்டி வலிக்கும்!" என்று அம்மா கத்தினாள். "முட்டி கெடக்கு" என்றார். அம்மாவும் கல்யாணப் பட்டுப்புடவையோடு இறங்கினாள், திட்டிக்கொண்டே. சாயங்கால வெயில். வயலிலிருந்து எதிரே வந்தவர்களில் இரண்டு பேர் அப்பாவை அடையாளம் கண்டு நின்றார்கள். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தார்.

பாலம் வந்தது. நின்றார். குடையைத் திருப்பிப் பிடித்து, அதன் இரும்பு முனையால் கைப்பிடிச் சுவரில் ஒரு தட்டு தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். இன்னொரு தட்டு.

"மணலு ஜாஸ்தி" என்றார். "நிக்காது."

அப்புறம் நேரே நடந்தார். பின்னால் நானும் அம்மாவும். படித்துறையில் இரண்டு பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். நான் என் வழக்கப்படி எண்ண ஆரம்பித்தேன், இந்த முறை அவர் அடிகளை. அப்பா எடுத்து வைக்கும் அடி பெரியது. முட்டி வலியோடும் பெரியது. ஐம்பத்து நான்கில் முடித்துவிட்டார்.